விறைப்பாக உட்காருவது தீர்வா?
தோளைப் பின்னுக்கு இழுத்து விறைப்பாக உட்கார்ந்தாலே முதுகுவலி தீரும் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாள் முழுக்கத் தையல் மெஷினில் இருப்பவள் நான். அப்படி உட்கார்ந்தால் அரை மணியில் கழுத்து இறுகிவிடும். எனக்கு உதவியது, மெல்லிய அசைவுகளால் உடலைக் கவனிக்கப் பழகும் பெல்டன்கிரைஸ் முறைதான். இயற்பியலாளரும் ஜூடோ வீரருமான மோஷே பெல்டன்கிரைஸ் தன் முழங்கால் காயத்துக்கு வழி தேடியபோது உருவானது அது. தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்து இடுப்பை 12-க்கும் 6-க்கும் மெல்ல உருட்ட வேண்டும். வலித்தால் அசைவை இன்னும் சிறிதாக்கணும், நடுநடுவே ஓய்வு. பலத்தைக் குறைத்தால்தான் எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது என்பதே தெரிகிறது. மேலே உள்ள கருத்துகளில் ஒருவர் இதுவும் யோகாதானே என்று கேட்டிருக்கிறார். ஆசனத்தில் எட்ட வேண்டிய ஒரு நிலை உண்டு, இதில் அப்படி எதுவும் கிடையாது.