நீக்கப்பட்ட ஒலியை டாக் மீட்டுத் தராது

"யூஎஸ்பி டாக்கை (டிஜிட்டல் ஒலிக்கோப்பை ஹெட்போனுக்கான மின்னலைகளாக மாற்றும் சிறு கருவியை) போனில் செருகினால், 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கப்பட்ட எம்பி3 தேவாரப் பதிவும் சிடி தரத்துக்கு உயர்ந்துவிடும்" என்று கூறப்படுவது சரியன்று. எம்பி3 ஆக்கும்போதே காது எளிதில் கவனியாத நுணுக்கங்கள் நீக்கப்பட்டுவிடுகின்றன. டாக், கோப்பில் எஞ்சியிருக்கும் எண்களை மின்னலைகளாக மாற்றுமே தவிர, போனதைத் திரும்ப உருவாக்காது. 300 ஓம் போன்ற உயர் மின்தடை ஹெட்போன்களுக்குப் போதிய மின்னழுத்தம் தருவதில், அதற்கேற்ற ஆற்றலுள்ள கருவியின் பயன் உண்மையானது. புளூடூத் ஹெட்போனுக்கோ அதுவும் இல்லை, ஏனெனில் அதற்குள்ளேயே ஒரு டாக் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் பிள்ளைகள் காவடிப் பாடல்களை இத்தகைய கோப்புகளைக் கேட்டுப் பழகுவதால் சொல்கிறேன்: கருவிக்கு ரேண்டைச் செலவிடுமுன், வீட்டில் மூல ஒலிநாடாவோ சிடியோ இருந்தால், அதிலிருந்து, ஒலி விவரம் எதையும் நீக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் புதிதாகப் படியெடுங்கள்.