குன்னத்தில் கிடைத்தவை டைனோசர் முட்டைகள் அல்ல

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தைத் தூர்வாரியபோது டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக 2020 அக்டோபரில் படங்களோடு ஒரு செய்தி பரவியது. அது தவறு. நேரில் போய்ப் பார்த்த புவியியலாளர்கள், அவை அம்மோனைட் புதைபடிவங்கள் என்று அப்போதே விளக்கிவிட்டார்கள்.

அம்மோனைட் என்பது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தமான கடல் உயிரி. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடு அதற்கு. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி கடலடியில் இருந்தது. செத்து விழுந்த ஓட்டைச் சுற்றிச் சேறும் தாதுக்களும் படிந்து படிந்து இறுகினால் உருண்டைக் கல்லாகிவிடும். பார்க்க முட்டை மாதிரிதான் இருக்கும், ஏமாந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, எப்படிப் பிரித்தறிவது? உண்மையான முட்டையில் சில மில்லிமீட்டர் தடிமனில் தனி ஓடு இருக்கும். அதில் மூச்சுத் துளைகள் தெரியும். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கிடைத்து, 2023-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்த 256 முட்டைகள் அப்படிப்பட்டவை.

அதற்காகக் குன்னத்துக் கற்களை வெறும் கல் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் வயலுக்கு அடியில் ஒரு கடலே இருந்ததற்குச் சாட்சி அவை. எனக்கு முட்டையைவிட அதுதான் பெரிய ஆச்சரியம்.