பழைய சின்ன கணினியே போதும்

வீட்டில் மீடியா சென்டர், அதாவது சேமித்து வைத்த படங்களை டிவியில் ஓட்டும் கணினி, வைக்க நல்ல சக்தியுள்ள பிராசஸர் வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. வேலையைச் செய்வது, சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் டிகோடர். அது சிப்பிலேயே இருந்தால் பிராசஸர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்.

ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினி இதற்கு நல்ல உதாரணம். எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை 4கே வரை வன்பொருளிலேயே விரித்துவிடும். 2023இல் வந்த பை 5இல், அதற்கு முந்தைய முறையான எச்.264க்கான வன்பொருள் டிகோடரையே எடுத்துவிட்டார்கள். ஆனால் அதன் பிராசஸர் வேகமானது என்பதால் 1080பி படங்களைச் சமாளித்துவிடுகிறது. கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளில் படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' (O) விசையை அழுத்திப் பாருங்கள். எந்த டிகோடர், வன்பொருளா மென்பொருளா என்று திரையிலேயே வரும். படம் திக்கினால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஜெல்லிஃபின் என்ற இன்னொரு மென்பொருளின் கதை வேறு. கோடி கோப்பை அப்படியே எடுத்து ஓட்டும். ஜெல்லிஃபின் ஒரு சர்வர், வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்குப் படத்தை அனுப்புவது. போனோ டிவியோ அந்த வடிவத்தை ஏற்காவிட்டால் படத்தை உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும். அந்த மாற்றும் வேலையில்தான் பை மூச்சு வாங்கும். அதற்கு, வீடியோவை மாற்றும் வன்பொருளான குயிக் சிங்க் உள்ள பழைய இன்டெல் மினி பிசி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்குவதே மேல்.

அப்புறம், லிப்ரெஎலெக் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! கோடிக்குத் தேவையானதை மட்டும் வைத்திருக்கும் லினக்ஸ் அது. மெமரி கார்டில் எழுதிப் போட்டால் நேராகக் கோடியில் போய் நிற்கும். எச்டிஎம்ஐ வழியே இணைத்த கருவியை டிவி ரிமோட்டால் இயக்கும் சிஇசி வசதி டிவியில் இருந்தால் டிவி ரிமோட்டே போதும், வீட்டுப் பெரியவர்களுக்குத் தனியாக எதுவும் சொல்லித்தர வேண்டாம். வெளி ஹார்டு டிஸ்க் மாட்டுபவர்கள் மட்டும் நல்ல பவர் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.