கிச்சன் வேலையில் பிளம்பர் ஏன் நாலாவது தடவை வரமாட்டேன் என்கிறார்?

குடியிருக்கும் வீட்டில் கிச்சனை மட்டும் இடித்துப் புதுப்பிக்கிற எல்லோரும் சொல்வது ஒரே புகார்தான். ஆள் வருவதில்லை, போன் எடுப்பதில்லை, எடுத்தால் "நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்". பொய்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆள் சரியில்லை என்று மாற்றினால் அடுத்து வருகிறவரும் அதையே செய்வார். கிச்சன் வேலை துண்டு துண்டாகக் கிடப்பதும், நாம் பணம் கொடுக்கும் விதமும்தான் இதில் பாதிக் காரணம் என்பது என் கட்சி.

பிளம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிச்சனுக்கு அவர் நாலு தடவை வரவேண்டும். இடிக்கும் முன் பழைய லைனை வெட்டி, வாயை அடைக்க எண்ட் கேப் போட அரை மணி நேரம். சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) எடுத்து சிபிவிசி பிளாஸ்டிக் பைப் ஓட்ட ஒன்று, ஒன்றரை நாள். கிரானைட் போட்ட பிறகு சிங்க், அதன் அடியில் தண்ணீர் வெளியேறும் வேஸ்ட் கப்ளிங், டேப் மாட்ட அரை நாள். ஆசாரி அலமாரி ஷட்டரெல்லாம் மாட்டி முடித்ததும் ஆர்.ஓ. மெஷினுக்கு லைன் கொடுத்து, ஆங்கிள் காக்கை (சிங்குக்குக் கீழே இருக்கும் வால்வு) இறுக்கிச் சரிபார்க்க ஒரு மணி நேரம். ஆனால் நாம் கேட்பது "கிச்சன் பிளம்பிங் மொத்தம் எவ்வளவு?" என்றுதான். அவர் மனதில் ஓடுவது இரண்டாவது வருகையின் கணக்கு. அது முடிந்ததும் முக்கால்வாசிப் பணம் கைக்குப் போய்விடுகிறது. கடைசி வருகைக்கு மிச்சம் இருக்கும் ஐந்நூறு ரூபாய்க்காக இன்னொரு சைட்டின் நாள் கூலியை விட்டுவிட்டு அவர் எதற்கு வரணும்?

அதனால் நாலு வருகையையும் பேர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தொகை பேசுங்கள். மொத்தம் 12,000 என்று வைத்துக்கொண்டால் முதலுக்கு 1,000, பைப் ஓட்ட 6,000, சிங்க் மாட்ட 3,000, கடைசிக்கு 2,000. ஒரு மணி நேர வேலைக்கு 2,000 அதிகம்தான். வேண்டுமென்றே அப்படி வைப்பது. அந்தப் பணத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் வருவார். எலக்ட்ரீஷியனுக்கும் இதே கதை: பைப் பதிக்க, ஒயர் இழுக்க, ஸ்விட்ச் மாட்ட என்று மூன்று வருகை. ஒரு ஸ்விட்ச், ஒரு பிளக்குக்கு இவ்வளவு என்று பாயிண்ட் கணக்கில் ரேட் பேசினாலும் பணத்தை மூன்றாகப் பிரித்தே கொடுங்கள்.

வந்த ஆள் பாதியில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு எல்போதான் (பைப் திரும்பும் இடத்தில் போடும் இணைப்பு) காரணம். முக்கால் இஞ்ச் எல்போ ஒன்று குறையும். "கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று வண்டியை எடுப்பார். வழியில் வேறு சைட்டிலிருந்து போன் வரும், அன்றைய நாள் அத்தோடு போச்சு. முந்தின நாளே லிஸ்ட் வாங்கி, பொருளை நீங்களே எடுத்து வையுங்கள். சிபிவிசி எல்போ, டீ, கப்ளர், டேப் வரும் இடத்துக்கு முக்கால்-அரை பித்தளை எல்போ, எண்ட் கேப், கிளாம்ப், பைப் ஒட்டும் சொல்யூஷன், மரையில் சுற்றும் டெஃப்லான் டேப், ஆக்சா பிளேடு. ஒவ்வொன்றிலும் நாலைந்து கூடுதலாக. மிஞ்சினால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைக் கமிஷன் போச்சே என்று பிளம்பர் முகம் சுளிப்பார். அதற்குப் பதில் கூலியில் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்துவிடலாம், தப்பில்லை.

அவசரத்தில் கோட்டை விடுவது டெஸ்டிங். டைல்ஸ் மேஸ்திரி நாளைக்கே வரார் என்பதற்காகக் காடியை மூடிவிடுவார்கள். மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு "லீக் இல்ல சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோதான், டெஸ்டிங்குக்கு அது போதாது. ஒட்டின ஜாயிண்ட் காய ஒரு நாள் விட்டு, கைப் பம்பில் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். இது பிளம்பர் வேலையில் சேர்ந்தது என்று ரேட் பேசும்போதே சொல்லிவிடணும். பூசும் முன் சுவரில் அளவு டேப்பை விரித்து வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி எங்கே டிரில் போடக்கூடாது என்று சொல்ல அந்தப் போட்டோவைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

அடுத்தது கிரானைட்காரருக்கும் ஆசாரிக்கும் நடக்கும் வழக்கு. கூடையை இழுத்துத் தள்ளும் சேனல் ஓடவில்லை என்றால் கல் சாய்ந்திருக்கு என்பார் ஆசாரி, அளவே தப்பு என்பார் கல்காரர். நம் ஊரில் கடப்பா கல்லை நிறுத்தி அதன்மேல் கிரானைட் போடுவது வழக்கம் என்பதால் இந்தச் சண்டை அடிக்கடி வருகிறது. டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை இஞ்ச் வேண்டும். 17 இஞ்ச் கூடைக்கு உள்ளே 18 இஞ்ச் சுத்தமாக இருக்கணும். கல்லில் சேனல் பிடிக்காது என்று இரண்டு பக்கமும் 18 எம்எம் பிளைவுட் ஒட்டினால், கல்லுக்குக் கல் கிட்டத்தட்ட பத்தொன்பதரை இஞ்ச் விடவேண்டும். இந்தக் கணக்கு கல்காரருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் யாரும் அவரிடம் சொல்வதில்லை. மார்க் பண்ணுகிற அன்று ஆசாரியையும் வரவழைத்து ஒரு மணி நேரக் கூலி கொடுங்கள். கூடையும் சிங்கும் அடுப்பும் அன்றைக்கு வீட்டில் இருக்கவேண்டும். கேட்லாக் அளவை நம்பி ஸ்லாப்பில் கட் அவுட் போட்டு, சிங்க் உள்ளே விழுந்த வீடுகள் உண்டு.

சிம்னிக்கு 6 இஞ்ச் ஓட்டை டைல்ஸுக்கு முன்பே போட்டாகணும். ஓட்டையும் பிளக் பாயிண்டும் இல்லையென்றால் கம்பெனி ஆள் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதையும் "ஆள் வரலை" கணக்கில்தான் எழுதுவோம்.

எந்த மாதம் தொடங்குகிறோம் என்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. மார்கழியிலும் ஆடிக் கடைசியிலும் தொடங்காதீர்கள். தை, ஆவணி முகூர்த்தத்துக்குக் கிரகப்பிரவேசம் குறித்த வீட்டை விட்டுவிட்டு உங்கள் நாற்பது சதுர அடி டைல்ஸுக்கு யாரும் வரமாட்டார்கள். சின்ன அளவுக்குச் சதுர அடி ரேட் பேசுவதும் வீண். இரண்டு நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால்தான் மேஸ்திரிக்குக் கட்டுப்படியாகும். ஆசாரியும் டைல்ஸ் ஆளும் பீகார், ராஜஸ்தான் பக்கமென்றால் தீபாவளி, ஹோலிக்கு எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் நான் கறார். பொருள் நம்முடையது என்றால் கூலியில் பத்து சதவீதம் போதும், அதுவும் ஆள் வந்து வேலையில் கை வைத்த பிறகு. பாதிப் பணம் முன்னாடியே கேட்கிறவர் அதைக் கொண்டு போய் முந்தின சைட்டை முடிக்கப் போகிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதே சமயம் அன்றன்றைக்கு முடிந்த வேலையின் பணத்தை அன்று சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் இழுத்தடிக்கும் வீட்டுக்கு அவர்களும் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார்கள்.

கடைசி 2,000-ஐக் கொடுக்கும் அன்று சிங்கை விளிம்பு வரை நிரப்பி, கீழே நியூஸ்பேப்பரை விரித்துவிட்டுத் தண்ணீரை ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். டேப்பை லேசாகத் திறந்து பார்த்தால் கப்ளிங் கசிவு தெரியாது. பத்து நிமிஷம் கழித்தும் பேப்பர் காய்ந்தே இருந்தால் ஜிபே பண்ணிவிடலாம்.