ஏழு பேரில் மூன்று பேர்

இலங்கையின் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகர்வுப் பத்திரம் (குற்றச்சாட்டுகளைச் சொல்லும் ஆவணம்) கையளிக்கப்படும்போது நீதிபதி எதிரியிடம், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரிடம், ஒரு கேள்வி கேட்பார்: பொதுமக்கள் ஏழு பேர் தீர்ப்புச் சொல்லும் ஜூரி சபை முன் விசாரணை வேண்டுமா, நீதிபதி மட்டும் விசாரித்தால் போதுமா? எதிரி தன் சட்டத்தரணியின் முகத்தைப் பார்ப்பார். "சேர், நீங்க சொல்றமாதிரி" என்பதுதான் அந்தப் பார்வையின் பொருள். சட்டத்தரணி தலையசைக்க, "நீதிபதி" என்று பதிவாகும். கொலைக் குற்றச்சாட்டைச் சுமந்து நிற்கும் மனிதனின் பெரிய உரிமை ஒன்று இவ்வளவு அவசரமாகக் கைநழுவக் கூடாது.

இது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 195ஆம் பிரிவு இதைக் கேட்பதை நீதிபதியின் கடமையாக்கியிருக்கிறது. கேட்காமல் விட்டதற்காகவே தீர்ப்பு நீக்கப்பட்டு மறுவிசாரணைக்குப் போன வழக்குகள் உண்டு. எல்லாக் குற்றத்துக்கும் ஜூரி கிடையாது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் அறவே கிடையாது. கொலை வழக்கில் உண்டு.

ஜூரி என்றாலே மட்டக்களப்பில் மனம் கசப்பது ஏன் என்று தெரியும். 1992 ஆகஸ்ட் 9, மயிலந்தனைக் கிராமத்தில் தமிழர் 35 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு கொழும்புக்குப் போனது. 2002 நவம்பரில் ஜூரி இராணுவத்தினரை விடுவித்தது. தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்ட குமாரபுரம் வழக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் கொலை வழக்கும் 2016இல் அப்படியே முடிந்தன. இவற்றில் எதிரிகள் கேட்டது சிங்களம் பேசும் ஜூரி. ஜூரர் பட்டியலின் மொழியைத் தெரிவுசெய்வது எதிரியின் உரிமை. அந்த எதிரிகளின் சட்டத்தரணிகள் ஜூரியின் மனத்தைக் கணக்கில் எடுத்தார்கள். அதே உரிமை வாழைச்சேனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வரும் ஏழை எதிரிக்கும் இருக்கிறது. அவருக்காக வாதாடும் சட்டத்தரணிகளான நாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கணக்கு இதுதான். ஜூரர் ஏழு பேர். தீர்ப்பு ஏகமனதாகவோ, குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்றோ வரவேண்டும். ஒருவர் மட்டும் நம் பக்கம் நின்றால் ஆறுக்கு ஒன்றில் குற்றவாளி. இருவர் நின்றாலும் ஐந்துக்கு இரண்டில் குற்றவாளி. மூவர் நின்றால்தான் குற்றத்தீர்ப்பு தடைப்படும். படங்களில் காட்டுகிற அந்த ஒற்றை வீரர் இங்கே உதவமாட்டார். 1950களில் உளவியலாளர் சொலமன் ஆஷ் நடத்திய பரிசோதனைகளில், எல்லோரும் பிழையான விடையைச் சொல்ல, தனியாக இருந்தவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கண்ணால் கண்டதையே விட்டுக்கொடுத்தார். பக்கத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது அந்த விட்டுக்கொடுப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆகவே நம் பக்கம் சாயும் முதல் ஜூரரிடம், அறைக்குள் போய் மற்றவரிடம் எடுத்துச் சொல்ல இலகுவான இரண்டு வசனங்களையாவது கொடுத்தனுப்ப வேண்டும். "நிரூபணப் பொறுப்பு வழக்குத் தொடுநரைச் சார்ந்தது" என்ற வசனம் அங்கே வேலைசெய்யாது. "அந்த மனுசி நின்ற இடத்திலிருந்து வாசல் தெரியாதே" என்பது வேலைசெய்யும்.

ஏனெனில் ஜூரர் சாட்சியங்களைத் தராசில் போடுவதில்லை, கதையாகக் கோக்கிறார்கள். நான்சி பெனிங்டனும் ரீட் ஹேஸ்டியும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. சாட்சியம் ஒன்றே. வழக்குத் தொடுநர் தரப்புச் சாட்சியம் கதையோட்டமாகவும் எதிரித் தரப்பினது சாட்சிவாரியாகச் சிதறியும் வந்தபோது 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். ஒழுங்கைத் தலைகீழாக மாற்றியதும் 31 சதவீதம்.

நம் குறுக்கு விசாரணை பெரும்பாலும் அந்தச் சிதறல்தான். பொலிஸ் வாக்குமூலத்துக்கும் சாட்சியத்துக்கும் உள்ள முரண்பாடுகளைப் பத்து, பன்னிரண்டு என்று அடையாளமிட்டுக்கொண்டே போவது. நீதிபதி அவற்றைக் குறித்துவைத்துத் தீர்ப்பெழுதும்போது எடுத்துப் பார்ப்பார். ஜூரருக்கு மூன்றாவதிலேயே களைத்துவிடும். சட்டை நிறம் மாறியதும் சாட்சி நின்ற இடம் மாறியதும் ஒரே எடையாகிவிடும். கதையை உடைக்கும் இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். நம் தரப்புக் கதையை முதலாவது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போதே ஊன்றிவிடுங்கள். வழக்குத் தொடுநர் தரப்பு முடிந்த பிறகுதான் நம் முறை. அதற்குள் கேட்பவர் மனதில் கதை இறுகிவிடும்.

ஒரு கற்பனை வழக்கு. மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் வாடி (காவல் குடில்), இரவு பத்து மணி, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை, கத்திக்குத்து. சாட்சி ஊர்க்காரர், "சின்ன வயசிலயிருந்து தெரியும், அவன்தான்" என்கிறார். அடையாள அணிவகுப்புக்கே இடமில்லை. சாட்சியின் உறுதி ஜூரரை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த உறுதியை நேருக்கு நேர் தாக்காதீர்கள். தாக்கினால் சாட்சி இன்னும் உறுதியாவார், ஜூரர் அவருக்காக இரங்குவார். எத்தனை அடி தூரம், டோர்ச் யார் கையில், வெளிச்சம் யார் முகத்தில், எத்தனை விநாடி, இடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று மெதுவாகக் கேட்டு, விடைகளை அப்படியே விட்டுவிடுங்கள். 1976இல் இங்கிலாந்தின் டேர்ன்புல் தீர்ப்பு, நெருங்கிய உறவினரையும் நண்பரையும்கூடப் பிழையாக இனங்காண்பதுண்டு என்று ஜூரருக்கு நினைவூட்டச் சொன்னது. ஜூரர் முடிவெடுக்கப் போகுமுன் நீதிபதி ஆற்றும் தொகுப்புரையில் அது வரவேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டுப் பெறுங்கள். ஜூரி காரணம் எழுதுவதில்லை என்பதால் மேன்முறையீட்டில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அந்தத் தொகுப்புரைதான்.

இதே வழக்கில் "அவன் அங்கே இருக்கவேயில்லை" என்பதையும் "திடீர்ச் சண்டையில் நடந்தது" என்பதையும் சேர்த்துச் சொன்னால் இரண்டு கதையும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டாவதைச் சொன்னால் பிளவுபட்ட ஜூரர் நடுவில் சந்திக்க ஓர் இடம் கிடைக்கும்: கொலையைவிடக் குறைந்த குற்றமான, கொலையாகாத குற்றமுறு உயிர்ப்பறிப்பு. உண்மையிலேயே சண்டைதான் என்றால் அது நல்ல முடிவு. ஆள் நிரபராதி என்றால் அதுவே பொறி. விடுவிக்கத் தயங்கும் இருவரும் தண்டிக்கத் தயங்கும் இருவரும் சமாதானமாகப் போகிற இடம் அது.

அனுமதிக்கப்படாத விடயம் சாட்சி வாயிலிருந்து நழுவினால், "அதை மறந்துவிடுங்கள்" என்று நீதிபதி சொன்னாலும் மறக்காது, அழுத்தமாகவே பதியும். சிறியதென்றால் எழும்பாமல் கடந்துபோங்கள். பெரியதென்றால் ஜூரரை வெளியே அனுப்பச் சொல்லி, சபையைக் கலைக்குமாறு கேளுங்கள். தனி நீதிபதியும் இதற்கு விலக்கல்ல. காதில் விழுந்ததை ஒதுக்கிவைப்பது நீதிபதிகளுக்கும் கடினம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எல்லா வழக்குக்கும் ஜூரி நல்லது என்று நான் சொல்லமாட்டேன். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் எதிரியின் வாக்குமூலத்தை வைத்து ஆயுதம் மீட்டது, சான்றுப்பொருள் கைமாறிய சங்கிலி, மருத்துவ அறிக்கையின் நுணுக்கம் என்று எதிர்வாதம் சட்டத்தில் நின்றால் நீதிபதிதான் பொருத்தம். காரணம் எழுதவேண்டியவர் அவர். வாய்க்காலையும் வாடியையும் வாழ்ந்து அறிந்த ஏழு பேருக்குச் சட்டென்று விளங்கும் எதிர்வாதம் என்றால் யோசியுங்கள். குற்றப்பகர்வுப் பத்திரம் கையளிக்கும் தவணைக்கு முன்னரே, விளக்கமறியலில் போய் எதிரியுடன் ஒரு மணித்தியாலம் இருந்து, இந்த ஐந்துக்கு இரண்டு கணக்கை அவருடைய பேச்சிலேயே விளங்கப்படுத்துங்கள். கூண்டில் நின்று அவர் சொல்லும் பதில் அவருடையதாக இருக்கட்டும்.