'லாஸ்ட்' தொடரில் எல்லோரும் முதலிலேயே இறந்துவிட்டார்களா? இல்லை

விமானம் விழுந்து ஒரு தீவில் சிக்கியவர்களின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'லாஸ்ட்'. விமானம் விழுந்தபோதே எல்லோரும் செத்துவிட்டார்கள், ஆறு சீசனும் வீண் என்று 'லாஸ்ட்' தொடரைப் பற்றி இன்னமும் சொல்கிறார்கள். தவறு.

2010 மே 23 அன்று வந்த கடைசிப் பகுதியில், தேவாலயத்தின் பின்னறையில் கதாநாயகன் ஜாக்கிடம் அவன் அப்பாவே சொல்லிவிடுகிறார்: நடந்ததெல்லாம் நிஜம், சிலர் அவனுக்கு முன்னால் இறந்தார்கள், சிலர் வெகுகாலம் கழித்து. இறப்புக்குப் பிறகான உலகம் ஆறாவது சீசனின் இணைக்கதை மட்டும்தான், தீவு அல்ல.

அப்புறம் ஏன் இந்தக் குழப்பம்? முடிவில் ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகளைக் காட்டினார்களே, அதனால்தான். அதைச் சேர்த்தது தொடரை ஒளிபரப்பிய ஏபிசி சேனல், கதையாசிரியர்கள் அல்ல.

சிறுவன் வால்ட்டைப் பாதியில் விட்டார்களே என்ற கோபம் நியாயம். எனக்கும் அது ஆறவில்லை. ஆனால் மூழ்கும் நீர்மூழ்கியில் ஜின் தன் மனைவி சன்னின் கையை விடாமல் இறந்தது, கதையில் நிஜமாகவே நடந்தது.