தடையும் இல்லை, மாத்திரையும் இல்லை

உறவுக்குப் பிறகு கர்ப்பத்தைத் தடுக்கப் போடும் அவசரக் கருத்தடை மாத்திரைக்குத் தமிழ்நாட்டில் சட்டப்படி தடை கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. பெங்களூரில் சாதாரணமாகக் கிடைக்கிற ஐ-பில் என்ற இந்த மாத்திரை, சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைப்பது அபூர்வம். இத்தனை வருஷமாக இதை நாம் சகித்துக்கொண்டிருப்பது எனக்குக் கோபமாக வருகிறது.

கைக்குழந்தை வைத்திருக்கும் தோழிக்காக நானே தேடி அலைந்திருக்கிறேன். ஆணுறை கிழிந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஒரு கடையில், "அதெல்லாம் வைக்கிறதில்லைங்க." இன்னொன்றில் கடைக்காரர் முதலில் என் கழுத்தைப் பார்த்தார், தாலி இருக்கிறதா என்று. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வித்தா இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேப்பாரு மேடம், எங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

அவர் பயப்படுவதற்குக் காரணம் ஒரு குழப்பம். கருக்கலைப்பு மாத்திரையும் இதுவும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். கருக்கலைப்புக்குத் தரும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் வேறு. அவற்றை டாக்டர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். இது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். கரு ஏற்கெனவே தங்கிவிட்டால் அதை ஒன்றும் செய்யாது. முட்டை வெளிவந்த பிறகு போட்டாலும் பெரிய பலன் இல்லை. அதனால்தான் உறவுக்குப் பிறகு 72 மணி நேரம் கெடு இருந்தாலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போடச் சொல்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி தவிக்கிற பெண்ணிடம் திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கி வா என்பது, தர மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம்.

உறவு கொண்ட 5 நாளுக்குள் கருப்பையில் காப்பர்-டி வைத்துக்கொண்டால் 99 சதவீதத்துக்கு மேல் பலன் உண்டு, மாத்திரையைவிட நம்பகமானது. ஆனால் கல்யாணமாகாத பெண் போய்க் கேட்டால் என்னென்ன கேள்வி வரும் என்று நமக்குத் தெரியாதா?

ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மாத்திரையை மறுப்பவர்கள், அந்தப் பெண்ணைக் கடைசியில் கருக்கலைப்பின் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதுவும் வீட்டுக்குத் தெரியாமல், தகுதி இல்லாத ஆளிடம் போனால் உயிருக்கே ஆபத்து.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரே ஒரு சுற்றறிக்கை விடட்டும்: இதை விற்கலாம், விற்பவர் மீது நடவடிக்கை கிடையாது என்று. கடைக்காரர்களும் தாலியைத் தேடுவதை விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுக்கட்டும். போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுபவர் என்றால் பலன் குறையலாம், டாக்டரைக் கேளுங்கள். மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதை மாதாமாதம் போடாதீர்கள், வழக்கமான கருத்தடைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம் ஆகுமா?